ஆளுக்கொரு சட்டி... ஒரே சட்டியில் இரண்டு சாப்பாடு! அஜர்பைஜானின் ஷேக்கி நகரத்து 'பிட்டி'

மேசைக்கு முதலில் வருவது ஒரு காலிக் கிண்ணம். அடுத்து ஒரு தட்டு நிறைய ரொட்டி, நறுக்கிய பச்சை வெங்காயம், கருஞ்சிவப்பில் ஒரு பொடி. கடைசியாக, ஒரு சொம்பு அளவுக்கு மண் ஜாடி ஒன்று. வாய்வரை மஞ்சள் எண்ணெய் மிதக்கிறது. ஆவியோடு குங்குமப்பூ வாசனை.

ஷேக்கிக்கு முதல்முறை வருகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். பசியில் ஸ்பூனை எடுத்து நேராக ஜாடிக்குள் விட்டுவிடுவார்கள். பரிமாறுகிறவரோ, பக்கத்து மேசைப் பெரியவரோ கையைக் காட்டி நிறுத்துவார். 'அப்படி இல்லை, இப்படி' என்று சைகையிலேயே பாடம் தொடங்கும். மொழி தேவையில்லை.

பாடம் இதுதான். ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ஜாடியைச் சாய்த்து, உள்ளே இருக்கும் கறியும் கடலையும் விழாமல், சாற்றை மட்டும் அதன் மேல் ஊற்ற வேண்டும். மேலே அந்தக் கருஞ்சிவப்புப் பொடி. அது சுமாக் என்ற புளிப்புக் காயின் பொடி. ரொட்டி ஊறியதும் ஸ்பூனால் சாப்பிட வேண்டும். இது முதல் சாப்பாடு. முடிந்த பிறகு, ஜாடியில் மிச்சமிருக்கும் ஆட்டுக்கறி, கொழுப்பு, கொண்டைக்கடலை, கஷ்கொட்டை எல்லாவற்றையும் அதே கிண்ணத்தில் கொட்டி, முள்கரண்டியால் நன்றாக மசித்து, இன்னும் கொஞ்சம் சுமாக் தூவி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். இது இரண்டாவது.

ரசம் முதலில், குழம்பு பிறகு என்று வரிசையை மாற்றிச் சாப்பிடுவது போலத்தான். ஆனால், இரண்டும் ஒரே சட்டியில் வெந்தவை. அதுவும் உங்களுக்கென்றே தனியாக வெந்த சட்டியில்.

பிட்டி என்பது இதன் பெயர். நம் ஊர் பிட்டுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு சம்பந்தமில்லை.

மலையடிவாரத்து ஊர்

அஜர்பைஜான் என்றதும் தமிழ் ரசிகர்களுக்கு இப்போது நினைவுக்கு வருவது அஜித் நடித்து 2025 பிப்ரவரியில் வெளியான 'விடாமுயற்சி'. ஆளரவமற்ற நெடுஞ்சாலை, வறண்ட மண், தூரத்தில் மொட்டை மலைகள் என்று படத்தில் பார்த்த அந்த நாட்டுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. தலைநகர் பாக்குவிலிருந்து வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும். காரில் நான்கைந்து மணி நேரம். ஷமாக்கி வரை பழுப்பாகவே இருக்கும் நிலம், அதைத் தாண்டியதும் மெல்லப் பச்சையாகிறது. சாலையின் வலப்பக்கம் காகசஸ் மலைத்தொடர் கூடவே வருகிறது. அதன் தெற்கு அடிவாரத்தில், காட்டுச் சரிவுகளுக்கு நடுவே, சிவப்பு ஓட்டுக் கூரைகளோடு ஷேக்கி.

இந்த ஊர் முதலில் இருந்த இடம் இதுவல்ல. 1772-ல் கிஷ் ஆறு சேறும் பாறையுமாகப் பெருக்கெடுத்துப் பழைய ஊரை அழித்துவிட்டது. பிழைத்தவர்கள் மேட்டுப்பாங்கான இடத்துக்கு ஏறிவந்து புதிதாகக் கட்டியதுதான் இன்றைய பழைய ஷேக்கி. நூகா என்ற பெயரில் வழங்கிய ஊர், 1968-ல்தான் ஷேக்கி ஆனது. அதன் பழைய நகரப் பகுதியையும், கான்களின் அரண்மனையையும் 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது.

அரண்மனை ஜன்னல்களை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, இடையில் வண்ணக் கண்ணாடிகளைச் செருகிய வேலைப்பாடு. வெயில் விழும்போது தரையில் கம்பளம் விரித்தது போல நிறம் விழும். அதற்கு முகநூலில் போதுமான படங்கள் இருக்கின்றன. பசி எடுத்த பிறகு பார்க்க வேண்டிய இடம் கீழே, கடைத்தெருப் பக்கம். பட்டு வணிகர்கள் தங்கிப்போன பெரிய சத்திரம் இன்றும் அங்கே நிற்கிறது. 200-க்கும் மேற்பட்ட அறைகள். கீழ்த்தளத்தில் சரக்கு, மேல்தளத்தில் வணிகர், நடு முற்றத்தில் பாரம் சுமந்த பிராணிகள். இப்போது அதன் ஒரு பகுதி ஓட்டலாக நடக்கிறது. வளைவு வளைவான அதே அறைகளில் சுற்றுலாப் பயணிகள் உறங்குகிறார்கள்.

ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர், ஒவ்வொரு மொழி. யாருக்கும் யாரும் உறவில்லை. அப்படிப்பட்ட கூட்டம் வந்துபோகும் ஊரில் ஆளுக்கொரு சட்டிச் சாப்பாடு நிலைத்து நின்றதில் ஆச்சர்யப்பட எதுவுமில்லை.

யாருக்கென்று தெரியாமல் நிரப்பும் சட்டி

பிட்டியின் வேலை முதல் நாள் இரவே தொடங்கிவிடும். கொண்டைக்கடலையை ஊறவைக்க வேண்டும். காலையில் சட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எலும்போடு ஆட்டுக்கறித் துண்டுகள், ஒரு கைப்பிடிக் கடலை, வெங்காயம் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மேலே ஒரு துண்டு வால் கொழுப்பு. அந்தப் பக்கத்துச் செம்மறியின் வால் நம்மூர் ஆட்டு வால் போல் இருக்காது. பின்னால் ஒரு பொதி மூட்டை கட்டியது போல் கொழுப்பு திரண்டு தொங்கும். அதுதான் இந்தச் சமையலின் எண்ணெய். வேறு எண்ணெய் கிடையாது.

பிறகு மெல்லிய கனல். அடுப்பாக இருக்கலாம், ஓவனாக இருக்கலாம். சட்டி கொதிக்கக் கூடாது, முணுமுணுக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம். மண் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். வாய் குறுகலாக இருப்பதால் சாறு சுண்டாது. எலும்பைச் சுற்றியுள்ள ஜவ்வு கரைந்து சாற்றில் இறங்கும். கடலை, தோல் பிரியாமல் உள்ளே வெண்ணெய் போலாகும். கஷ்கொட்டை பிறகுதான் போகும். முதலிலேயே போட்டால் கரைந்துவிடும். குங்குமப்பூவை வெந்நீரில் ஊறவைத்துக் கடைசியில் விடுவார்கள். மணிக்கணக்கில் வெந்தால் அதன் வாசனை போய்விடும் அல்லவா!

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. பெரிய அண்டாவில் சமைத்து, பிறகு கரண்டியால் அள்ளிப் போடும் சமையல் இல்லை இது. கறிக்குழம்பு வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கரண்டியின் அரசியல் தெரியும். மூத்தவனுக்கு நல்லி, மாப்பிள்ளைக்கு ஈரல், கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்குக் குழம்பும் ஒரு எலும்பும். 'அவனுக்கு மட்டும் ரெண்டு பீஸ்' என்று அழாத குழந்தை உண்டா? பந்தியில் பரிமாறுகிறவர் முகம் பார்த்துப் போடுவதும் நமக்குப் புதிதல்ல.

பிட்டியில் அந்த வேலை நடக்காது. எந்தச் சட்டி யாருக்குப் போகும் என்று காலையில் சமைப்பவருக்குத் தெரியாது. முதலாளி வரலாம், லாரி டிரைவர் வரலாம். அதனால் எல்லாச் சட்டியிலும் ஒரே அளவு கறி, ஒரே அளவு கடலை, ஒரே ஒரு கொழுப்புத் துண்டு. ஆள் வருவதற்கு முன்பே பங்கு பிரித்தாகிவிட்டது. மேசைக்கு வந்த பிறகு கூட்டவோ குறைக்கவோ யாராலும் முடியாது.

பிட்டியை உழைப்பாளிகளின் சாப்பாடு என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள். காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனால், திரும்பும்போது தயாராக இருக்கும். பக்கத்திலேயே நின்று கிளற வேண்டியதில்லை. அதிக விலையில்லாத கறித்துண்டு, கடலை, ரொட்டி. ஒரு சட்டியில் வயிறு இரண்டு முறை நிறையும். கொழுப்பைப் பார்த்துப் பயப்படும் சுற்றுலாப் பயணி அதை ஓரமாக எடுத்து வைத்துவிடுவது உண்டு. மூட்டை தூக்குகிறவருக்கு அதுதான் அந்த நாளின் சக்தி.

ஆல்பக்கோடாவும் கஷ்கொட்டையும்

சட்டிக்குள் இன்னொன்று இருக்கும். சுருங்கிய, புளிப்பான ஒரு உலர்பழம். அஜர்பைஜானியர்கள் அதை 'அல்புகாரா' என்பார்கள். பெயர் எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? நம் நாட்டு மருந்துக் கடைகளில் 'ஆல்பக்கோடா பழம்' என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருகிறார்களே, அதே சொல்தான். மசக்கையில் வாய்க் குமட்டலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லிப் பாட்டிகள் கொடுப்பார்கள். பாரசீகத்தில் 'ஆலு புகாரா', அதாவது புகாரா நகரத்துப் பிளம். அந்தப் பெயர் ஒரு பக்கம் காகசஸ் மலைக்குப் போய்க் கறிச்சட்டிக்குள் விழுந்தது. இன்னொரு பக்கம் நம் ஊர் மருந்துக் கடை டப்பாவுக்குள் வந்து சேர்ந்தது.

கஷ்கொட்டைக்கு வருவோம். ஷேக்கியைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் விளைவது. வேகவைத்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பும் மாவுத்தன்மையும் வரும். அதன் இனிப்பு, பழத்தின் புளிப்பு, கொழுப்பின் கனம் மூன்றும் சேர்வதுதான் ஷேக்கி பிட்டியின் ருசி. ஆனால், பல இடங்களில் இப்போது கஷ்கொட்டைக்குப் பதில் உருளைக்கிழங்குதான் வருகிறது. மலிவு, எப்போதும் கிடைக்கும், தோல் உரிக்கும் தொல்லை குறைவு. உருளைக்கிழங்கு போட்டால் சாப்பாடு கெட்டுப்போகாது, நன்றாகவே இருக்கும். ஆனாலும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கிழங்கு, பக்கத்துக் காட்டின் காயை வெளியே தள்ளியிருப்பது ஒரு இழப்புதான். ஷேக்கிக்குப் போகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே கஷ்கொட்டை உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

நேரமும் ஒரு பிரச்னை. பாக்குவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாவில், மதியச் சாப்பாட்டுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். திடீரென்று நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கினால், எட்டு மணி நேரச் சமையலை எப்படிக் கூட்டுவது? மொத்தமாகப் பாத்திரத்தில் வேகவைத்துச் சட்டியில் ஊற்றிக் கொடுத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. சாற்றை ஊற்றும்போது தெரிந்துவிடும்: சட்டியில் வெந்த சாறு கெட்டியாக, உதட்டில் ஒட்டும். இரவு தங்குகிறவர்களுக்குத்தான் ஷேக்கி தன் நல்ல சட்டியைத் தருகிறது.

எல்லை தாண்டிய சட்டிகள்

இந்தச் சட்டிச் சமையல் ஷேக்கியோடு நிற்கவில்லை. மேற்கே எல்லை தாண்டினால் ஜார்ஜியா. அங்கே 'சனாகி'. ஆட்டுக்கறியோடு கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு அடுக்கி, தனித்தனிச் சட்டியில் ஓவனில் சுடுவார்கள். காய்கறிப் பிரியர்களுக்கு பிட்டியைவிட சனாகிதான் பிடிக்கும். தெற்கே ஈரானில் 'ஆப்கோஷ்ட்'. தண்ணீர், கறி என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். 'டிஸி' என்ற ஜாடியில் வரும். சாறு முதலில், மசியல் பிறகு என்ற அதே முறை. மசிப்பதற்கென்றே ஒரு மத்து கொடுப்பார்கள். துருக்கியின் அவனோஸ் பக்கம், அந்த ஊர்ச் செம்மண்ணில் செய்த ஜாடியை மேசையிலேயே உடைத்துக் கறியைக் கொட்டுவது தனி வேடிக்கை. ரஷ்ய வீடுகளிலும் கறியும் உருளைக்கிழங்கும் சின்னச் சட்டிகளில் ஓவனுக்குள் போகும்.

ஆர்மீனியாவில் இதற்குப் பெயர் 'புட்டுக்'. அங்கும் ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, ஆளுக்கொரு சட்டி. அஜர்பைஜானும் ஆர்மீனியாவும் 1990-களிலும் 2020-லும் போர் புரிந்த நாடுகள். லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். நில எல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடக்கிறது. 2025 ஆகஸ்ட்டில்தான் இரு நாட்டுத் தலைவர்களும் வாஷிங்டனில் ஒன்றாக உட்கார்ந்து சமாதான அறிவிப்பில் கையெழுத்திட்டார்கள். எந்தச் சாப்பாடு யாருடையது என்பதிலும் இரு தரப்புக்கும் நீண்ட நாள் சண்டை உண்டு. கேட்டால் ஒவ்வொரு தரப்பும் 'எங்களுடையதுதான் அசல்' என்று சொல்லும். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம் வீட்டு ஓவனில்

நான்கு பேருக்கு நான்கு சட்டிகள், ஒவ்வொன்றும் அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலாகப் பிடிக்க வேண்டும். வண்ணம் பூசிய அலங்காரச் சட்டி வேண்டாம்; சமையலுக்கென்றே விற்கும் மண்சட்டியாக இருக்கட்டும். புதுச் சட்டியென்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசிக் கஞ்சி கொதிக்கவைத்து, மீன் சட்டியைப் பழக்குவது போலவே பழக்க வேண்டும்.

எலும்போடு மட்டன் 600 கிராம், இரவு ஊறவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை 150 கிராம், இரண்டு வெங்காயம். நான்காகப் பங்கிட்டுச் சட்டிகளில் போட்டு, ஆளுக்கொரு நெல்லிக்காய் அளவு ஆட்டுக் கொழுப்பு, கொஞ்சம் மிளகு சேர்த்து, வாய்க்கு ஒரு விரல்கடை கீழே வரை தண்ணீர் ஊற்றி மூடவும். சூடான ஓவனில் மண்சட்டியை வைத்தால் விரிசல் விடும். ஓவனை அணைத்திருக்கும்போதே உள்ளே வைத்து, பிறகு 160 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். மூன்றரை முதல் நான்கு மணி நேரம். இடையில் தண்ணீர் குறைந்தால் கொதிநீர்தான் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டால் சட்டி தெறித்துவிடும்.

கடைசி ஒரு மணி நேரத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகள், ஆளுக்கு இரண்டு ஆல்பக்கோடா, உப்பு. புளிப்பை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். புளிப்பு பட்டால் கடலை எளிதில் வேகாது; நம் வீடுகளில் பருப்பு வெந்த பிறகு புளி கரைத்து விடுவதும் இதனால்தான். இறக்கும் முன் பத்து நிமிடத்தில் குங்குமப்பூத் தண்ணீர். சுமாக் கிடைக்காவிட்டால் மாங்காய்ப் பொடி ஓரளவு கைகொடுக்கும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லின் மேல் சட்டிகளை வைத்து, சிம்மில் விட்டுவிடலாம். சைவர்கள் கறிக்குப் பதிலாகக் காளானும் கத்திரிக்காயும் போட்டுப் பார்க்கலாம். ருசியாக இருக்கும், ஆனால் ஷேக்கிக்காரர்கள் அதை பிட்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரொட்டிக்கு மட்டும் சப்பாத்தி வேண்டாம், குழைந்துவிடும். முதல் நாள் வாங்கிக் கொஞ்சம் காய்ந்த நான் பொருத்தம்.

சாப்பிட்ட பிறகு

பிட்டி முடிந்ததும் எழுந்து நடப்பது சிரமம். அதற்காகவே தேநீர் வரும். இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடி டம்ளரில் கறுப்புத் தேநீர், ஓரமாகக் கிண்ணத்தில் பழ ஜாம். பக்கத்திலேயே ஷேக்கி அல்வா. பெயர்தான் அல்வா, அரிசி மாவைச் சூடான கல்லில் நூல் நூலாக ஊற்றிச் சுட்டு, அடுக்குகளுக்கு நடுவே நொறுக்கிய பருப்போடு ஏலக்காயும் கொத்தமல்லி விதையும் வைத்து, பாகில் ஊறவைத்தது. இனிப்பில் கொத்தமல்லி விதையா என்று முதலில் தோன்றும். இரண்டாவது துண்டுக்குக் கை தானாகப் போகும்.

அஜர்பைஜானில் நகைச்சுவைக்குப் பேர்போன ஊர் ஷேக்கி. அந்த ஊர் ஜோக்குகளின் நாயகன் 'ஹாஜி தாயி'. தாயி என்றால் அவர்கள் மொழியில் தாய்மாமன். வயதில் மூத்தவர்களை உறவில்லாவிட்டாலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தேநீர் மேசைகளில் அந்த மாமன் கதைகளுக்குச் சிரிப்புச் சத்தம் நெடுநேரம் கேட்கும்.

அதற்குள் சமையற்கட்டில் காலிச் சட்டிகள் திரும்பி வந்திருக்கும். வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைக்கிறார்கள். அடுப்பில் கனல் அடங்கிவிட்டது. விளக்கை அணைக்கும் முன் ஒரு வேலை பாக்கி: ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டைக்கடலையைக் கொட்டி, முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டும்.